பங்கா மாட்டிய வருஷம்

உங்களில் பலருக்கு ஃபீஜியில் நாம் இருந்த அந்த நாட்களை நினைத்தால் இன்னமும் கண் கலங்குகிறது. நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் நமாகா சந்தை, கரும்பு லாரி, உப்பும் மிளகாயும் தொட்ட மாங்காய் என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். எனக்குக் கண் கலங்குவதில்லை. குமட்டுகிறது. முட்டி வலியும் சர்க்கரையும் வந்துவிட்ட இந்த வயசிலும், ஏதாவது ஓட்டல் சமையலறைப் பக்கம் நடக்கும்போது பழைய எண்ணெய்ப் பிசுக்கு வாடை அடித்தால் போதும், பத்து வயசுப் பெண்ணாக எங்கள் வீட்டுப் பின்பக்கம் கரித்துணியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். அதனால் என்னிடம் இனிப்பான கதை எதையும் எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் வீட்டில் பங்கா மாட்டிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பங்கா என்றால் சீலிங் ஃபேன். ஊரெல்லாம் பேசுகிற இந்தியில் பாதியை நம் தமிழுக்குள் போட்டுக் கலக்கி வைத்திருந்தோம் அல்லவா, அதில் வந்த சொல். வேறு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு வெகு காலம் தெரியாது.

அந்த வருஷம் தலைநகர் சூவாவில் பட்டாளத்துக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து, நம்மவர்கள் அதிகம் இருந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். எங்களுக்கு அது ரேடியோவில் கேட்ட சங்கதி. எங்கள் வீட்டுக்குள் அது வேறு மாதிரி வந்தது. விமானங்களில் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்த அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மார்டின்டாரில் இருந்த ஓட்டல்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. அதில் ஒன்றில் துணி வெளுத்துக்கொண்டிருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, வேலை போய் வீட்டோடு தங்கினாள். அம்மா ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்து, விடிந்ததும் போய் விளக்கு வைத்த பிறகு வந்தாள்.

அத்தை கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். என்னையும் என் தம்பிகள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். ஓட்டல் வேலை இருந்தபோதும் அதை முடித்துக்கொண்டு ஓடிவந்து செய்தாள். வேலை போன பிறகு நாள் முழுக்கச் செய்தாள். ‘அண்ணி இருக்கிற தைரியத்துல நான் வேலைக்குப் போறேன்’ என்று அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா எவ்வளவு நல்லவள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் முன்கூடத்து ஜன்னலில் ஒரு ஏசி பெட்டி இருந்தது. நல்ல காலத்தில் அப்பா வாங்கி மாட்டியது. தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லை என்பதுதான் அதன் முக்கியமான குளிர்ச்சி. கலகம் வந்து கை இறுகியதும் அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே எரிந்தது. ‘யானையைக் கட்டித் தீனி போடற கதைதான் இது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் அதைக் கழற்றி விற்றுவிட்டார். வாங்கிப் போனவன் ஒரு பட்டாள அதிகாரியின் மைத்துனன். அவன் வண்டியில் அந்தப் பெட்டியை ஏற்றும்போது அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஜன்னலில் ஓட்டை விழுந்தது. அதை ஒரு தகரத்தால் அடைத்தார். ‘இனிமே எல்லா ரூமுக்கும் பங்கா. நாலும் சேர்ந்து ஓடினாலும் அது தின்னதுல கால்வாசி தின்னாது’ என்றார்.

புதுப் பங்கா வாங்குகிற ஆளா அவர்? அத்தை வேலை பார்த்த ஓட்டல் சாமான்களை விற்றது. அங்கே போகலாம் என்று அத்தையைக் கூப்பிட்டவர் அப்பாதான். அத்தை போக மனசில்லாமல்தான் வந்தாள். நானும் போனேன்.

அந்த விற்பனையைப் பார்த்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். வெட்கமாக இருந்தால் இந்த இடத்தைத் தாண்டிப் படியுங்கள். செத்த மாட்டைச் சுற்றி ஈ மொய்க்குமே, அப்படி மொய்த்தோம். கோயில் கமிட்டியில் முன்வரிசையில் நிற்கிற பெரியவர் ஒருவர், யாரோ படுத்த மெத்தையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்து வீட்டு அக்காளும் அவள் ஓரகத்தியும் ஒரு கக்கூஸ் மூடிக்காகப் பிடித்து இழுத்தார்கள். பாதி தேய்ந்த சோப்புக் கட்டிகளைப் பையில் அள்ளியவர்களும் உண்டு. அத்தை வெளுத்து மடித்து வைத்திருந்த தலையணை உறைகளைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டு எல்லாரும் அங்குமிங்கும் போனார்கள். அவள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தாள். ‘விடுக்கா, இனிமே உனக்கு யாரு சம்பளம் குடுக்கறா’ என்றார் அப்பா.

சாப்பாட்டுக் கூடத்துக் கூரையிலிருந்து இறக்கி வைத்திருந்த பங்காக்களில் அப்பா நாலைப் பொறுக்கினார். சமையலறையை ஒட்டித் தொங்கியவை என்பதால் மலிவு. வருஷக்கணக்கில் பொரித்த எண்ணெய்ப் புகை இறக்கைகளின் மேல்பக்கம் படிந்து, அதில் தூசி ஒட்டி, மயிர் முளைத்த தோல் மாதிரி இருந்தது. கீழே உட்கார்ந்து சாப்பிட்ட வெள்ளைக்காரர்களுக்கு அது தெரிந்திருக்காது. கீழ்ப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் ஓட்டல்கார அம்மா அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அவள் வெள்ளைக்காரி, ஓட்டலைப் பார்த்துக்கொண்டவள். நியூசிலாந்துக்குப் போய், ஆக்லாந்தில் தன் அண்ணனோடு சேர்ந்து சின்ன விடுதி வைக்கப் போகிறாளாம். வெளுப்பதற்கு அத்தை மாதிரி ஒரு கை வேண்டும், காகிதமெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறேன், தங்க இடமும் தருகிறேன், யோசித்துச் சொல் என்றாளாம். பஸ்ஸில் வரும்போது அத்தை இதை என்னிடம்தான் முதலில் சொன்னாள். சொல்லும்போது முகம் சிவந்துபோயிருந்தது. அவளை யாரும் அதுவரை எதற்கும் கேட்டுக் கூப்பிட்டதில்லை.

பங்காக்களைத் துடைக்கும் வேலை எனக்கும் அத்தைக்கும் வந்தது. சோப்புத் தூளுக்கு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, கத்தியால் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்தோம். பிசுக்கு வழுக்கிக்கொண்டு வந்து நகத்துக்குள் ஏறியது. ஒரு இறக்கையைப் புரட்டினால் அதன் மேல் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு, காய்ந்து, தோலும் எலும்புமாகக் கிடந்தது. என் சின்னத் தம்பி அதைப் பார்த்து வாந்தி எடுத்தான். நான் எடுக்கவில்லை, ஆனால் அன்று ராத்திரி கையால் சோறு பிசையப் பிடிக்காமல் பட்டினி படுத்தேன். அத்தை என் விரல்களை ஒவ்வொன்றாக எலுமிச்சந்தோலால் தேய்த்துவிட்டாள்.

மாட்டுவதற்கு அப்பாவோடு வேலை பார்க்கும் பூர்வகுடி ஃபீஜிக்காரர் ஒருவர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல மனசு. முதலில் அப்பாவும் அவரும் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு சட்டி நங்கோனா வேர்ப்பொடி கரைத்துக் குடித்தார்கள். அந்த மண்கலங்கல் தண்ணீர் உள்ளே போனபிறகுதான் யாருக்கும் ஏணியில் ஏறத் தோன்றும். சீலிங் அட்டையில் ஓட்டை போட்டதும் எலிப்புழுக்கை பொலபொலவென்று கொட்டியது. அப்பாவின் தலை, ஃபீஜிக்காரரின் தோள், கீழே நங்கோனாச் சட்டி எல்லாவற்றிலும் விழுந்தது. மேலாகப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் குடித்தார்கள்.

ஏணியின் மேல் நின்றபடியே அந்த ஃபீஜிக்காரர் இந்தியில் அப்பாவைக் கேட்டார், ஊரே கிளம்பிப் போகிறது, நீ என்ன பங்கா மாட்டுகிறாய் என்று. அப்பா அடுத்த திருகாணியை எடுத்து அவரிடம் நீட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். ‘பாத்தியா, உங்கப்பன் இருக்கறதுக்குத்தான் மாட்டுறான்’ என்று மெதுவாகச் சொன்னாள்.

மூன்று அறைகளில் பங்கா நன்றாகத்தான் ஓடியது. முன்கூடத்துப் பங்கா ஆடிக்கொண்டு சத்தம் போடும், அவ்வளவுதான். நாலாவது அத்தையின் அறைக்கு. அவள் அறை என்பது பின்பக்கத்து வராந்தாவைப் பலகையால் அடைத்தது. மேலே சீலிங் அட்டை கிடையாது, வெறும் தகரம். காய்கிற தகரத்துக்குக் கீழே பங்கா மாட்டினால் என்ன ஆகும்? மேலே தேங்கி நிற்கும் சூட்டையெல்லாம் இழுத்து ஆள் தலையில் கொட்டும். மத்தியானத்தில் அந்த அறையில் பங்காவைப் போட்டால் அடுப்பு வாயில் முகத்தை வைத்த மாதிரி இருக்கும். அத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருக்கும். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் ‘ஜில்லுன்னு இருக்கு’ என்பாள். வாழ்க்கையில் தனக்கென்று ஒருவன் செலவு செய்து மாட்டியது அந்தப் பங்கா ஒன்றுதான். அதைப் பற்றிக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஓட்டல்கார அம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் நெருங்கியது. அப்பாவைக் கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்று நகர்ந்துவிடுவார். அத்தை தீமிதிக்காகக் காத்திருந்தாள்.

மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் பத்து நாள் வீட்டுக்கு வரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். கோயில் தரையில் படுக்கை, மஞ்சள் வேட்டி, பத்தியச் சாப்பாடு. பொய் பேசக்கூடாது. பேசினால் பூக்குழி சுடும். அப்பா வருஷம் தவறாமல் இறங்குகிறவர். காப்புக் கட்டிய கையோடு இருப்பவனிடம் கேட்டால் உண்மைதான் வரும் என்பது அத்தையின் கணக்கு. நம்மில் எத்தனை பேர் வீட்டில் பெண்கள் இந்தப் பத்து நாளுக்காகக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நானும் அத்தையும் அவருக்குப் பால் கொண்டு போனோம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

‘தம்பி, ஒண்ணு கேக்கணும்’ என்றாள் அத்தை. ‘ஓட்டல்காரம்மா கூப்புடறது உனக்குத் தெரியும். ஊர்ல ஆளாளுக்குப் போறாங்க. நீயும் போறதா இருந்தா எங்கிட்ட இப்பவே சொல்லிடு. நான் எம்பாட்டைப் பாத்துக்குவேன். நீ இங்கதான் இருப்பேன்னா நான் எதுக்குப் புள்ளைங்களை விட்டுட்டுப் போவணும்?’

அப்பா மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். ‘என்னக்கா கேள்வி இது? போறவன் எவனாச்சும் வீட்ல பங்கா மாட்டுவானா?’

அத்தை சன்னிதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கவனித்தீர்களா? அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். மாரியம்மன் முன்னால் வழக்கு வந்திருந்தால்கூட ஜெயித்திருப்பார். எத்தனையோ அயோக்கியர்களை இந்த வயசுக்குள் பார்த்துவிட்டேன். சாமிக்கும் தப்பாமல், அக்காளுக்கும் தெரியாமல் இவ்வளவு சுத்தமாக வார்த்தை பொறுக்கிய ஒருவனைப் பார்த்ததில்லை.

தீமிதி அன்று அவர் விறுவிறுவென்று பூக்குழியைக் கடந்தார். கூட்டம் ஓம் சக்தி போட்டது. வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலில் அவரை உட்கார வைத்து, மஞ்சள் தண்ணீரால் கால் கழுவினாள். கழுவிவிட்டுப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் தடவிப் பார்த்தாள். ‘ஒரு கொப்புளம் இல்ல’ என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அத்தை மார்டின்டார் போய், தான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். கிளம்புகிறவரைக்கும் யோசி, மனசு மாறினால் வா என்று அந்த அம்மா சொன்னாளாம். ‘பாவம், நல்ல மனுஷி’ என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு ரொட்டி சுட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பேர், ஐந்து பேரும் சூவாவுக்குப் பஸ் ஏறினோம். பெரிய தம்பிக்குக் காதில் சீழ், பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். அத்தை விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். சூவாவில் ஒருவரும் தம்பியின் காதைப் பார்க்கவில்லை. ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு அப்படி எடுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். திரும்பும் வழியில் அப்பா புளிச்சோற்றைப் பிரித்து, ‘அக்கா கை மணமே தனி’ என்று விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார். வீட்டில் வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

வெயில் ஏறிய மாசம், பள்ளிக்கூட விடுமுறை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ரக்கிரக்கி என்ற ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர்களாம். எங்கள் பக்கத்து நாந்தி டவுனில் வேறு ஜோலி இருந்ததால் முன்கூட்டியே வந்துவிட்டார்களாம். அத்தை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

‘பங்கா எல்லாம் வீட்டோடதானேம்மா? உன் தம்பி அப்படித்தான் சொன்னாரு.’

‘எந்த வீட்டோட?’ என்றாள் அத்தை.

‘இந்த வீட்டோடதான். முன்பணம் குடுத்தாச்சே, உனக்குத் தெரியாதா? நாலு பங்கா இருக்கு, ஏசி வேண்டியதில்ல, கரண்டு செலவு கம்மின்னு சொல்லித்தான் வெலை ஏத்துனாரு.’

அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, அவர்களை ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். பங்காவைப் போட்டுக் காட்டினாள், வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினாள். தன் அறைக்கு வந்தபோது, ‘இங்க மட்டும் மத்தியானத்துல போடாதீங்க. தகரத்துச் சூட்டை இறக்கும்’ என்றாள். அதை அவள் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வாசலில் கடைக்காரர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். ‘நீங்களும் கூடப் போறீங்களா அக்கா?’

‘ஆமா’ என்றாள் அத்தை. ‘எல்லாருந்தான் போறோம்.’

அவர்கள் போனதும் உடனே சேலை மாற்றிக்கொண்டு, தம்பிகள் இரண்டு பேரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மார்டின்டாருக்குப் பஸ் ஏறினாள். ஓட்டல் கேட்டில் சங்கிலி. காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்து, அந்த அம்மா போன வாரமே விமானம் ஏறிவிட்டாள் என்றார். வெளுக்கிற அறையில் அத்தையோடு வேலை பார்த்த இன்னொருத்தியைக் கூட்டிப் போய்விட்டாளாம். அத்தை அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி எனக்குக் குடிக்கக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை.

அன்று இருட்டியதும் அப்பா வந்தார். அத்தை சோறு போட்டாள். ‘ரக்கிரக்கிக்காரரு வந்தாரு. பங்கா எல்லாம் போட்டுப் பாத்துட்டாரு. புடிச்சிருக்காம்’ என்றாள். அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை அழவில்லை, திட்டவில்லை. நாங்கள் கிளம்புகிற நாள் வரை சமைத்தாள், துவைத்தாள், எங்கள் பெட்டிகளையும் அவள்தான் அடுக்கினாள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம், அக்காளுக்கு இல்லை என்று அப்பா யார் யாரிடமோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையிடம் சொல்லவில்லை. அவள் தூரத்துச் சொந்தம் ஒருவரின் கரும்புத் தோட்டத்துக்குப் போனாள். அங்கே யாருடைய பிள்ளைகளையோ வளர்த்து, அங்கேயே செத்தும் போனாள். சிட்னியில் எங்களுக்குத் தகவல் வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

எவ்வளவோ வருஷம் அப்பாவை மட்டுமே வெறுத்துக்கொண்டிருந்தேன். வெளியே தெரிந்தால் வீட்டு விலையைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அக்காளிடம்கூட மறைத்தார் என்றுதான் நினைத்தேன். அற்பத்தனம், ஆனால் புரிந்துகொள்ளக்கூடிய அற்பத்தனம். அவர் காலமாகி, வருஷத் திதிக்கு அம்மா சமைத்துப் போட்ட அன்று, நானும் அம்மாவும் மட்டும் மேசையில் இருந்தோம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை ஆக்லாந்திலாவது பிழைத்திருப்பாளே, ஏன் அப்பா அப்படிச் செய்தார் என்று கேட்டேன்.

அம்மா வடையைப் பிட்டுக்கொண்டே என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். ‘உங்கப்பா மட்டும் எங்க செஞ்சாரு? ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் செஞ்சோம். அண்ணி அப்பவே கிளம்பியிருந்தா, பேப்பர் வர்ற வரைக்கும் உங்க மூணு பேரை யாருடி பாத்துக்கறது? நான் வேலைக்குப் போவ வேணாமா?’

சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டுமா என்று கேட்டாள்.